அந்த லெக்சரர் நல்லவரா மோசமான்னு கேட்கிறதுக்கு முன்னாடி

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வழக்கமா இந்தப் பக்கத்தில நான் அன்னதானம், உபயம், துப்புரவுப் பணின்னுதான் எழுதுவேன். இன்னைக்கு எழுதப்போறது ஒரு யூனிவர்சிட்டி பாடத்தைப் பத்தி. "இவர் ஃபேக்டரி சூப்பர்வைசர், எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவர், இவருக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கு. நம்ம கோயில் தொண்டர் படையில இப்ப பாதிப் பேர் காலேஜ், யூனிவர்சிட்டி பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பெரிய பானைகளைத் தேய்க்கும்போது அவங்க என்ன பேசுறாங்களோ அதுதான் நம்ம காதுலயும் விழுது. ரெண்டு மாசமா அவங்க பேச்சு ஒரே விஷயம்தான்: கார்ப்பரேட் ஃபைனான்ஸ், அதை எடுக்கிற புரோஃபசர்.

எந்த யூனிவர்சிட்டி, எந்தப் பேராசிரியர்னு நான் எழுத மாட்டேன். கமெண்ட்லயும் யாரும் பேர் போடாதீங்க, தயவுசெஞ்சு. விஷயம் அந்த ஒருத்தரைப் பத்தி இல்லை.

விஷயம் என்னன்னா, நம்ம தம்பி ஒருத்தர், ரெண்டாம் ஆண்டு. வீட்டில முதல் ஆளா யூனிவர்சிட்டிக்குப் போனவர். அப்பா லோரி ஓட்டுறார். படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன். இந்தப் பாடத்தில முதல் குவிஸ்ல 20-க்கு 5 வாங்கிட்டார். உடனே ஒரு சீனியர் அனுப்பின வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். "அந்த ஆளுகிட்ட மாட்டாதே, ட்ரோப் பண்ணிடு, முடிஞ்சா கோர்ஸையே மாத்திடு." ஒரு நிமிஷ மெசேஜ். அதைக் கேட்டுட்டு பையன் ஃபைனான்ஸே வேணாம், வேற துறைக்கு மாறிடுறேன்னு முடிவு பண்ற நிலைமைக்கு வந்துட்டார். மாறினா ஒரு வருஷம் கூடப் போகும். ஒரு வருஷக் கடனும் கூடும். ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு இவ்வளவு விலையான்னு எனக்கு மனசு கேட்கலை. அதனால அதே பாடத்தை அதே பேராசிரியர்கிட்ட படிச்ச மத்தப் பிள்ளைங்க என்ன சொல்றாங்கன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சேன்.

ஒரு தம்பி சொன்னது: "அங்கிள், அவர் ஸ்லைடைப் படிக்கவே மாட்டார். திடீர்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு 'நீ என்ன செய்வே?'ன்னு கேட்பார். பதில் சொன்னா 'ஏன்?'ம்பார். அதுக்கும் பதில் சொன்னா மறுபடி 'ஏன்?'. கிளாஸுக்குப் போகவே வயிறு கலங்கும்."

ஒரு தங்கச்சி, இப்ப கடைசி ஆண்டு: "எனக்கு B-தான் கிடைச்சுது அங்கிள். ஆனா நாலு வருஷத்தில எனக்குப் பிடிச்ச பாடம் அதுதான்."

இன்னொரு தம்பி: "ஃபார்முலா தாள் அவரே பரீட்சையில கொடுத்துடுவார். கேள்வியைப் பார்த்தா எந்த ஃபார்முலாவைப் போடணும்னே தெரியாது. ஒரு கம்பெனி கதை மாதிரி ஒரு பக்கம் இருக்கும். அதுல பாதி நம்பர் தேவையே இல்லாத நம்பர்."

இன்னொரு தங்கச்சி: "குரூப் அசைன்மென்ட்ல அஞ்சு பேர். வேலை செஞ்சது ரெண்டு பேர். மார்க் எல்லாருக்கும் ஒன்னு. அவர்கிட்ட சொன்னேன், அது உங்க குரூப் பிரச்சினைன்னுட்டார். குவிஸ் மார்க்கையும் ஆறு வாரம் கழிச்சுத்தான் கொடுத்தார்."

கடைசியா ஒருத்தர், வேற லெக்சரர் கிளாஸ்ல அதே பாடத்தை எடுத்தவர். "எங்க லெக்சரர் ரொம்ப நல்லவர் அங்கிள். பரீட்சைக்கு எது வரும்னு முன்னாடியே சொல்லிடுவார். எனக்கு A. ஆனா இன்டர்ன்ஷிப் போன இடத்தில ஒரு மெஷின் வாங்குற கணக்கைக் கொடுத்தாங்க. எனக்கு ஆரம்பிக்கவே தெரியலை."

ஒரே பாடத்துக்கு அஞ்சு கருத்து. யாரும் பொய் சொல்லலை. ஆனா யாரை நம்பி நம்ம தம்பி முடிவெடுக்கிறது? இதுக்கு முதல்ல அந்தப் பாடத்தில என்னதான் இருக்குன்னு தெரியணும். அந்த B வாங்கின தங்கச்சியை உட்கார வச்சு, எனக்குப் புரியுற மாதிரி சொல்லும்மான்னு கேட்டேன். நாலு வெள்ளிக்கிழமை சொல்லிக் கொடுத்துச்சு. எனக்குப் புரிஞ்சதை நான் இங்க எழுதுறேன். பெற்றோர்கள் கொஞ்சம் கவனிங்க, ஏன்னா நம்ம வீட்டுக்கும் இது வேணும்.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ்னா பெரிய வார்த்தை. உள்ளே இருக்கிறது மூணே கேள்விதான். கம்பெனி எதுல காசு போடணும்? அந்தக் காசு கடனா வரணுமா, சொந்தப் பணமா வரணுமா? லாபம் வந்தா எவ்வளவைத் திரும்ப வைக்கணும், எவ்வளவைப் பங்குதாரருக்குக் கொடுக்கணும்? ஒரு செமஸ்டர் முழுக்க இதைத்தான் சுத்திச் சுத்திப் படிக்கிறாங்க.

அடிப்படை என்னன்னா, இன்னைக்கு இருக்கிற காசும் நாளைக்கு வரப்போற காசும் ஒன்னு இல்லை. 6 சதவீதம் வருஷத்துக்கு வளர்ந்தா, இன்னைக்குப் போடுற 1,000 வெள்ளி 12 வருஷத்தில 2,012 வெள்ளி ஆகும். திருப்பிப் பார்த்தா, 12 வருஷம் கழிச்சு ஒருத்தர் 1,000 வெள்ளி தரேன்னு சொன்னா, அதோட இன்றைய மதிப்பு 497 வெள்ளிதான். இப்படிப் பின்னோக்கிக் கொண்டு வர்றதைத்தான் டிஸ்கவுண்ட் பண்றதுங்கிறாங்க. கடைச் சாமானுக்குக் கழிவு போடுற டிஸ்கவுண்ட் வேற, இது வேற.

ஃபேக்டரி உதாரணம் ஒன்னு கேட்டேன், அதுல எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுது. ஒரு மெஷின் 100,000 வெள்ளி. வாங்கினா வருஷத்துக்கு 30,000 வெள்ளி செலவு மிச்சம், நாலு வருஷம் ஓடும். மொத்தம் 120,000 மிச்சம். நம்ம மாதிரி ஆளுங்க உடனே "20,000 லாபம், வாங்கு"ன்னு சொல்லுவோம். ஆனா அந்தக் காசுக்குக் கம்பெனி வருஷத்துக்கு 10 சதவீதம் எதிர்பார்க்குதுன்னு வச்சுக்குங்க. முதல் வருஷ 30,000-க்கு இன்றைய மதிப்பு 27,273. ரெண்டாம் வருஷத்துக்கு 24,793. மூணாம் வருஷத்துக்கு 22,539. நாலாம் வருஷத்துக்கு 20,490. கூட்டினா 95,095 வெள்ளி வருது. போட்டது 100,000. அப்ப இது லாபம் இல்லை, கிட்டத்தட்ட 4,900 வெள்ளி நட்டம். இதுக்குத்தான் நெட் பிரசென்ட் வேல்யூன்னு பேர், சுருக்கமா என்.பி.வி. ஆபீஸ்ல நாம கேட்ட மெஷினை மேலே இருக்கிறவங்க ஏன் வேணாம்னாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் காரணம் தெரிஞ்சுது.

இன்னொன்னு, ஏற்கெனவே போன காசு. பழைய மெஷினை ரிப்பேர் பண்ண 40,000 போட்டாச்சு, அதனால அதை விடக்கூடாதுன்னு பேசுவாங்க. அந்த 40,000 இனிமே வராது. விட்டாலும் வராது, வச்சிருந்தாலும் வராது. அதைக் கணக்குல சேர்க்கக்கூடாது. இனி வரப்போறதை மட்டும்தான் பார்க்கணும். இது ஒரு வரிப் பாடம், ஆனா மனசு ஒத்துக்கிறது கஷ்டம்.

கடன் பாடத்தில 1958-ல மொடிக்லியானி, மில்லர்னு ரெண்டு பேர் எழுதின ஒரு கட்டுரை வருதாம். ரெண்டு பேருக்கும் பின்னாடி பொருளாதார நோபல் பரிசு கிடைச்சிருக்கு, ஒருத்தருக்கு 1985-ல, இன்னொருத்தருக்கு 1990-ல. அவங்க சொன்னது இதுதான்: வரி கிடையாது, நொடிச்சுப் போனா வர்ற செலவு கிடையாதுன்னு வச்சுக்கிட்டா, கம்பெனி எவ்வளவு கடன், எவ்வளவு சொந்தப் பணம்னு எப்படிப் பிரிச்சாலும் மொத்த மதிப்பு மாறாது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கலை நாலு வாளியில ஊத்தினாலும் எட்டு வாளியில ஊத்தினாலும் பொங்கல் அதேதான். அப்புறம் நிஜ உலகத்தில வரி இருக்கு, கடன் வட்டிக்கு வரியில கழிவு இருக்கு, அளவு மீறிக் கடன் வாங்கினா கம்பெனி மூழ்குறதும் இருக்குன்னு ஒவ்வொன்னா உள்ளே கொண்டு வர்றாங்க. "இதுக்கு மட்டும் ரெண்டு வாரம் எடுத்தார் அங்கிள். முதல் வாரம் யாருக்கும் புரியலை. ரெண்டாவது வாரம்தான் முதல் வாரம் ஏன்னு புரிஞ்சுது"ன்னு தங்கச்சி சொன்னிச்சு. யோசிச்சுப் பாருங்க. முதல் வாரத்தோட ஒருத்தரை நிறுத்திக் கருத்துக் கேட்டா என்ன சொல்லுவார்? "இந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலை"ன்னுதானே.

அதே தங்கச்சி ஃபோன்ல ஒருத்தர் வீடியோவைக் காட்டிச்சு. அஸ்வத் தாமோதரன்னு பேர். சென்னை லயோலா கல்லூரியில பி.கோம். படிச்சவர். அப்புறம் பெங்களூர் ஐ.ஐ.எம்., அப்புறம் அமெரிக்காவில கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில டாக்டர் பட்டம். 1986-லருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்து ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில இதே கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பாடம் எடுக்கிறார். பங்கு மதிப்பீட்டில உலகத்திலேயே பெரிய பேர். அவர் கிளாஸ்ல எடுக்கிற பாடம், குறிப்பு, பழைய குவிஸ், விடை எல்லாத்தையும் தன்னோட வலைத்தளத்தில இலவசமா போட்டிருக்கார். காசு கட்டி அந்த யூனிவர்சிட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாணவன் பார்க்கிறதை, இங்க கோயில் படிக்கட்டில உட்கார்ந்து நம்ம பிள்ளையும் பார்க்கலாம். அவரும் அதே மூணு கேள்வியிலதான் பாடத்தைக் கட்டுறார். டிஸ்னி மாதிரி பெரிய கம்பெனியையும் எடுக்கிறார், ஒரு சின்ன தனியார் புத்தகக் கடையையும் எடுக்கிறார். மாணவர்கள் குரூப்பா சேர்ந்து ஆளுக்கு ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, படிக்கிற ஒவ்வொன்னையும் செமஸ்டர் முழுக்க அந்தக் கம்பெனி மேலேயே போட்டுப் பார்க்கணும்.

நம்ம தம்பியும் ரெண்டு வீடியோ பார்த்தார். "இவர் சூப்பர் அங்கிள், எங்க புரோஃபசர் இப்படி இருந்தா நான் ஏன் கஷ்டப்படுறேன்"ன்னார். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன், "சரி தம்பி, வீடியோ பார்த்தாச்சு, இப்ப ஒரு கணக்குப் போடு." போட முடியலை. வீடியோவில இருக்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு "நீ என்ன செய்வே"ன்னு கேட்க முடியாது. கேட்கிறது இங்க இருக்கிற, இவருக்குப் பிடிக்காத அந்தப் புரோஃபசர்தான். ரெண்டும் வேணும்னு அப்பத்தான் தம்பிக்கும் தோணிச்சு.

மாணவர் கருத்தைப் பத்தி ஒரு ஆராய்ச்சி இருக்குன்னும் தங்கச்சி சொன்னிச்சு. அமெரிக்க விமானப்படை அகாடமியில நடந்தது, கேரல், வெஸ்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2010-ல வெளியிட்டாங்க. அங்க எந்த மாணவருக்கு எந்த ஆசிரியர்னு மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது, அவங்களே பிரிச்சு விடுவாங்க. எல்லாருக்கும் ஒரே பரீட்சை. அதனால ஒப்பிட்டுப் பார்க்க முடிஞ்சுது. முதல் கணக்குப் பாடத்தில மாணவர்கள்கிட்ட நல்ல பேர் வாங்கின ஆசிரியர்களோட பிள்ளைங்க அந்தப் பாடத்தில நல்ல மார்க் வாங்கினாங்க. ஆனா அதுக்கு அடுத்து வர்ற, அதைவிடக் கஷ்டமான பாடங்கள்ல அவங்க பின்தங்கினாங்க. அனுபவம் கூடின, மாணவர்கள் அவ்வளவா பாராட்டாத ஆசிரியர்கள்கிட்ட படிச்சவங்க அடுத்த பாடத்தில நல்லா செஞ்சாங்க. A வாங்கிட்டு இன்டர்ன்ஷிப்ல முழிச்ச தம்பி ஞாபகம் வந்தார் எனக்கு.

இது எனக்குப் புதுசு இல்லை. ஃபேக்டரியில புது ஆளுக்குப் பயிற்சி முடிஞ்ச அன்னைக்கே ஒரு பாரம் கொடுப்போம், பயிற்சி எப்படின்னு. சிரிச்சுப் பேசுற டிரெய்னருக்கு எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போடுவாங்க. மூணு மாசம் கழிச்சு லைன்ல போய்ப் பார்ப்போம், யார் தப்பில்லாம செய்றாங்கன்னு. ரெண்டு தாளும் எப்பவும் ஒத்துப் போகாது. முதல் தாள் பொய்யும் இல்லை. அது அன்னைக்கு மனசுல இருந்ததைச் சொல்லுது, அவ்வளவுதான்.

அதுக்காகப் பிள்ளைங்க சொல்ற குறை எல்லாத்தையும் தள்ளக்கூடாது. நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. மாதா பிதா குரு தெய்வம்னு சொல்லிட்டு, வாத்தியாரைப் பத்திப் பிள்ளை வாயைத் திறந்தாலே அடக்கிடுறது. அது சரியில்லை. குவிஸ் மார்க் ஆறு வாரம் கழிச்சு வந்தா, எங்க தப்புன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அஞ்சு பேர் குரூப்ல மூணு பேர் சும்மா இருந்தா அதை யார் பார்க்கிறது? இதெல்லாம் நியாயமான குறை. அதையும் நல்லாப் படிக்கிற பிள்ளையே சொல்லுது. கிளாஸ்ல ஒரு பிள்ளையோட இங்கிலீஷைக் கிண்டல் பண்ணினா அது கண்டிப்பு இல்லை, அவமானப்படுத்துறது. அப்படி நடந்தா தேதி போட்டு எழுதி வச்சு, அகாடமிக் அட்வைசர்கிட்டயோ டீன் ஆபீஸ்லயோ கொடுக்கணும். செமஸ்டர் கடைசியில வர்ற மதிப்பீட்டு பாரத்தையும் ஒழுங்கா நிரப்பணும். வாட்ஸ்ஆப்ல மட்டும் பேசினா எதுவும் மாறாது.

நம்ம முருகனையே பாருங்க. பிரம்மாவைக் கூப்பிட்டு பிரணவத்துக்குப் பொருள் கேட்டார். படைக்கிற தொழிலைச் செய்றவருக்கே பதில் தெரியலை, சிறையில போட்டுட்டார். அப்புறம் சிவபெருமான் வந்து கேட்டப்ப, தகப்பனையே சீடனா உட்கார வச்சு உபதேசம் பண்ணினார், சுவாமிநாதன்னு பேர் வந்துச்சு. சிவன் கோயில்ல தெற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிற தட்சிணாமூர்த்தி வாயே திறக்காம நாலு முனிவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கேள்வி கேட்டு மடக்கினவரும் குருதான், பேசாம இருந்தவரும் குருதான். கேள்வி கேட்கிற உரிமை மாணவனுக்கும் இருக்குங்கிறதும் நம்ம சமயத்திலயே இருக்கு. வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை போட்டுட்டு வர்றோமே, இதையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். தமிழ்ப்பள்ளியில தமிழ், இடைநிலைப்பள்ளியில மலாய், யூனிவர்சிட்டியில திடீர்னு எல்லாம் இங்கிலீஷ். நம்ம பிள்ளைங்க பல பேருக்கு அக்கவுண்ட்ஸ் அடிப்படை பத்தாது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பயம். இதுல சனி ஞாயிறு பார்ட் டைம் வேலை வேற. கார்ப்பரேட் ஃபைனான்ஸ் இந்த ரெண்டு பாடத்துக்கும் மேலே கட்டின மாடி. கீழே ஆடுதுன்னா மேலே நிக்கிறது கஷ்டம்தான். "புரோஃபசர் மோசம்"னு பிள்ளை சொன்னா, சில நேரம் அதுக்கு அர்த்தம் "எனக்கு அக்கவுண்ட்ஸ் ஞாபகம் இல்லை, கேட்க வெட்கமா இருக்கு"ங்கிறது. நம்ம தம்பியும் அதைத்தான் கடைசியில சொன்னார்.

அதனால, பிள்ளைங்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்றது இதுதான். யாராவது ஒரு பாடத்தையோ ஆசிரியரையோ பத்திக் கருத்துச் சொன்னா, இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க.

1. சொல்றவர் பாடத்தை முடிச்சவரா, பாதியில இருக்கிறவரா, இல்லை கேள்விப்பட்டதைச் சொல்றவரா? (அந்த வாய்ஸ் மெசேஜ் அனுப்பின சீனியர் அந்தப் புரோஃபசர்கிட்ட படிக்கவே இல்லையாம். அவர் நண்பர் சொன்னதாம்.)

2. "மோசம்", "சூப்பர்"ங்கிறதை விடுங்க. அவர் என்ன செஞ்சார், என்ன செய்யலை? நடந்ததைச் சொல்லச் சொல்லுங்க.

3. பாடம் முடிஞ்ச பிறகு, முன்னாடி செய்யத் தெரியாத எதைச் செய்யத் தெரியுது?

4. இதே குறையை நல்ல மார்க் வாங்கினவரும் சொல்றாரா? சொன்னா நம்பலாம்.

5. ஒரு தடவையாவது அவர் ரூமுக்குப் போய்க் கேட்டீங்களா? மாணவரைப் பார்க்கன்னே நேரம் ஒதுக்கியிருப்பாங்க. பல நேரம் யாருமே போறதில்லை.

தம்பி என்ன ஆனார்னு கேட்பீங்க. ட்ரோப் பண்ணலை. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்து மேசையில தங்கச்சிகூட உட்கார்ந்து, மொதல்ல அக்கவுண்ட்ஸ், அப்புறம் இந்தப் பாடம். அந்தப் புரோஃபசர் ரூமுக்கும் ரெண்டு தடவை போனார். முதல் தடவை பதினஞ்சு நிமிஷம் கேள்வியாவே கேட்டு அனுப்பிட்டாராம். ரெண்டாவது தடவை உட்கார வச்சு முழுசாச் சொல்லிக் கொடுத்தாராம். போன வாரம் ரிசல்ட் வந்துச்சு. C+. பெரிய மார்க் இல்லை. "இப்பவும் எனக்கு அவரைப் பிடிக்கலை அங்கிள். ஆனா ஜூனியர் கேட்டா எடுன்னு சொல்லுவேன்"ன்னார். எனக்கு இந்தக் கருத்துதான் எல்லாத்திலயும் நேர்மையா பட்டுச்சு.

C+ வாங்கின தம்பி என்ன செஞ்சார் தெரியுமா? கும்பாபிஷேகத்துக்கு எப்படிச் சேர்க்கணும்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இது உதாரணம் மட்டும்தான், நம்ம கோயில் கணக்கு இல்லை. இன்னைய விலையில திருப்பணிக்கு 300,000 வெள்ளி ஆகும்னு வச்சுக்குவோம். அடுத்தது 12 வருஷம் கழிச்சு. நம்மளைக் கேட்டா வருஷத்துக்கு 25,000 சேர்த்தா போதும், 12 வருஷத்தில 300,000 வந்துடும்போம். தம்பி சொன்னார், விலைவாசி வருஷத்துக்கு 3 சதவீதம் ஏறினா அன்னைக்கு அதே வேலைக்குத் தேவை 427,700 வெள்ளி. நாம வருஷக் கடைசியில 25,000 போட்டு, ஃபிக்ஸட் டெபாசிட் 3 சதவீதம் கொடுத்தாலும் சேர்றது 354,800. இடிக்கிறது 72,900 வெள்ளி. சரியா வரணும்னா வருஷத்துக்கு 30,100-க்கு மேல ஒதுக்கணும். கடைசி நேரத்தில ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையுறோமே, அந்த ஓட்டத்துக்குக் காரணம் பாதி இந்த 72,900-தான்.

வீட்டுக் கணக்கும் ஒன்னு. 50,000 வெள்ளி கார் கடன், ஃப்ளாட் ரேட் 3.5 சதவீதம், 7 வருஷம். வட்டி 12,250, மாசம் 741 வெள்ளி. 3.5-தானே, கம்மிதானேன்னு கையெழுத்துப் போடுவோம். ஆனா மாசாமாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வரும்போது வட்டி மட்டும் முழு 50,000-க்கும் கணக்குப் பண்றாங்க. உண்மையான வட்டி வருஷத்துக்குச் சுமார் 6.4 சதவீதம். இதை ஒரு லோரி டிரைவர் வீட்டில, அப்பாவுக்குப் பக்கத்தில உட்கார்ந்து மகன் போட்டுக் காட்டியிருக்கார். அந்த அப்பா போன வெள்ளிக்கிழமை என்கிட்ட வந்து சொன்னார், "அண்ணே, புது லோன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டேன். பழைய வண்டியையே இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுறேன்."

இந்தப் பாடத்தைத்தான் ஒரு வாய்ஸ் மெசேஜுக்காக விட்டுட இருந்தாங்க.

கடைசியா சில அறிவிப்பு. இனிமே வெள்ளிக்கிழமைதோறும் இரவு பூஜை முடிஞ்ச பிறகு மண்டபத்தில ரெண்டு மேசை படிக்கிற பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கோம். தலைவர் அனுமதி கொடுத்துட்டார். அக்கவுண்ட்ஸ், கணக்கு, ஃபைனான்ஸ் தெரிஞ்ச அன்பர்கள் யாராவது இருந்தா ஒரு மணி நேரம் உட்காருங்க, அதுவும் உபயம்தான். கால்குலேட்டர் எடுத்துட்டு வாங்க. பிரசாதம் இருக்கு.

தொண்டர் பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை வாரத்தில பானை தேய்க்க வராதீங்க. நாங்க பெரியவங்க பார்த்துக்கிறோம். முருகன் கோவிச்சுக்க மாட்டார், அவரே கேள்வி கேட்கிற வாத்தியார்தான்.

எல்லாருக்கும் வேலவன் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.